இயந்திர மேடை: எடையும் அதிர்வெண்ணும்

நான்கு டன் எடையுள்ள தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் அடித்தளத்தை அதே எடையுள்ள கம்ப்ரசருக்குப் போட முடியாது. தொட்டி கீழ்நோக்கி அழுத்துவதோடு சரி. கம்ப்ரசரோ ஓடும் நேரமெல்லாம் தன் மேடையைத் தள்ளவும் இழுக்கவும் செய்கிறது. நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும் இயந்திரம் ஒரு நாளில் 8,64,000 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மேடைக்கு வந்து சேரும் விசை இயந்திரத்தின் எடையில் ஒரு பங்குதான். ஆனால் அது ஓயாமல், ஒரே தாளத்தில் வருகிறது. கனரக இயந்திரங்களுக்கான கான்கிரீட் மேடையின் வடிவமைப்பு முழுவதும் அந்தத் தாளத்தைச் சுற்றியே நடக்கிறது.

மேடைக்கு மூன்று வேலைகள் உண்டு. இயந்திரத்தின் எடையை மண்ணின் மீது பரப்பி இறக்குவது முதல் வேலை. மோட்டாரின் தண்டும் அதனோடு இணைந்த பம்ப்பின் தண்டும் ஒரே நேர்கோட்டிலிருந்து விலகாமல் பிடித்துவைப்பது இரண்டாவது. அதிர்வின் வீச்சை இயந்திரத்துக்கும் அருகில் நிற்பவர்களுக்கும் தீங்கில்லாத அளவுக்குள் வைப்பது மூன்றாவது. முதல் வேலையைக் கான்கிரீட் எளிதாகச் செய்துவிடுகிறது. எம் 25 தரக் கான்கிரீட்டின் அழுத்த வலிமை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 2,500 டன். சாதாரண மேடையில் அதன் மேல் விழும் அழுத்தமோ ஐந்தாறு டன்தான். மேடையின் நீள அகல உயரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மூன்றாவது வேலையே.

விசையின் பிறப்பிடம்

சுழலும் இயந்திரங்களான மின்விசிறி, மையவிலக்குப் பம்ப், மோட்டார், டர்பைன் ஆகியவற்றில் அதிர்வு சமநிலைக் குறையிலிருந்து பிறக்கிறது. எவ்வளவு நுணுக்கமாகக் கடைந்தாலும் சுழலியின் நிறைமையம் அதன் சுழல் அச்சின் மீது மிகச் சரியாக அமைவதில்லை. 500 கிலோ சுழலி நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடுகிறது, அதன் நிறைமையம் அச்சிலிருந்து 0.04 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று கொள்வோம். தொழிற்சாலை விசிறிகளுக்கும் பம்ப்களுக்கும் வழக்கமாக ஏற்கப்படும் சமநிலைத் தரம் ஏறக்குறைய இதுதான். அப்போது எழும் விசை சுமார் 500 நியூட்டன். 50 கிலோ எடை நொடிக்கு 25 முறை சுற்றிச் சுற்றி இழுப்பதற்குச் சமம். விலகல் மாறாமல் வேகம் மட்டும் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். இறக்கைகளில் தூசு படிந்தாலும் துரு அரித்தாலும் விலகல் கூடும். அதனால் புதிய இயந்திரத்தின் சமநிலையை மட்டும் நம்பி மேடையை வடிவமைப்பதில்லை.

பிஸ்டன் இயந்திரங்களின் கதை வேறு. டீசல் எஞ்சினிலும் பிஸ்டன் கம்ப்ரசரிலும் பிஸ்டன் ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் நின்று திரும்புகிறது. நிறுத்தவும் திருப்பவும் தேவைப்படும் விசை முழுவதையும் கடைசியில் மேடைதான் ஏற்க வேண்டும். இந்த விசையில் இரண்டு தாளங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று கிராங்க் தண்டின் வேகத்திலேயே வருவது. இது முதல்நிலை விசை. மற்றொன்று அதன் இரு மடங்கு வேகத்தில் வருவது. இது இரண்டாம்நிலை விசை. கனெக்டிங் ராட் எல்லையற்ற நீளம் கொண்டதாக இருந்தால் இரண்டாவது தாளமே இருக்காது. உண்மையில் ராடின் நீளம் கிராங்க் ஆரத்தைப் போல நான்கைந்து மடங்குதான். ஆகவே பிஸ்டன் மேல்முனையில் திரும்பும் வேகமும் கீழ்முனையில் திரும்பும் வேகமும் ஒன்றாக இருப்பதில்லை. அந்த வேறுபாடுதான் இரண்டாம்நிலை விசையாக வெளிப்படுகிறது. அதன் அளவு முதல்நிலை விசையில் நான்கில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை.

சிலிண்டர்களை எப்படி அடுக்குகிறோம் என்பதும் முக்கியம். இரண்டு சிலிண்டர் உள்ள நேர்நிலைக் கம்ப்ரசரில் கிராங்குகளை எதிரெதிராக அமைத்தால் முதல்நிலை விசைகள் ஒன்றையொன்று நீக்கிவிடும். மேடையை அசைத்துச் சாய்க்கப் பார்க்கும் ஒரு திருப்பு விசை மட்டும் மிஞ்சும். இரண்டாம்நிலை விசைகளோ நீங்குவதற்குப் பதிலாக ஒன்றோடொன்று கூடிக்கொள்ளும்.

மண் என்னும் சுருள்வில்

இரண்டு மீட்டர் கனமுள்ள கான்கிரீட் கட்டையோடு ஒப்பிட்டால் மண் மிகவும் நெகிழ்வானது. எனவே கணக்கில் மேடையை வளையாத, நசுங்காத ஒரே கட்டியாகவும், அடியில் உள்ள மண்ணைச் சுருள்வில்லாகவும் கொள்கிறார்கள். சுருள்வில்லின் மேல் ஒரு நிறை இருந்தால் அதற்கென்று ஒரு இயல்பு அதிர்வெண் உண்டு. ஒரு முறை தட்டிவிட்டால் அந்த அமைப்பு தானாக ஆடும் வேகம் அது. மண்ணின் விறைப்பு கூடினால் அந்த அதிர்வெண் கூடும். நிறை கூடினால் குறையும். இரண்டும் வர்க்கமூலமாகவே செயல்படுவதால், நிறையை நான்கு மடங்காக்கினால்தான் அதிர்வெண் பாதியாகும்.

மண்ணின் விறைப்பைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட முடியாது. இறுகிய சரளை மண்ணும் ஈரக் களிமண்ணும் பல மடங்கு வேறுபடும். அதனால் முக்கியமான இயந்திரங்களுக்கு இடத்திலேயே சோதனை நடக்கிறது. ஐ.எஸ். 5249 என்னும் இந்தியத் தரக் குறிப்பு அதற்கான முறையைச் சொல்கிறது: மேடை அமையவிருக்கும் ஆழத்தில் சுமார் ஒன்றரை மீட்டர் நீளக் கான்கிரீட் கட்டை ஒன்றை வார்த்து, அதன் மேல் அதிர்வூட்டியைப் பொருத்தி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். எந்த வேகத்தில் கட்டை மிக அதிகமாக ஆடுகிறது என்பதிலிருந்து மண்ணின் விறைப்பு கிடைக்கும். தளர்ந்த மணலில் வேறொரு ஆபத்தும் உண்டு. நீண்டகால அதிர்வில் மணல் துகள்கள் நெருங்கி அமர, மேடை ஒரு பக்கமாக இறங்கிவிடலாம். கரிசல் மண் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்குவதால் மேடை மட்டம் பருவந்தோறும் மாறும். இப்படிப்பட்ட மண்ணைத் தோண்டி அகற்றி இறுகிய நிரப்பு மண் போடுவதும், தூண் அடித்தளமான பைல்களின் மேல் மேடையை நிறுத்துவதும் வழக்கம். அதிர்வுச் சுமை இருப்பதால், மண் தாங்கக்கூடிய நிலைச் சுமை முழுவதையும் மேடைக்குப் பயன்படுத்திக்கொள்வதில்லை. நடைமுறையில் பலர் பாதியளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஒத்ததிர்வு

இயந்திரத்தின் தாளமும் மேடையின் இயல்பு அதிர்வெண்ணும் ஒன்றானால் ஒத்ததிர்வு நிகழ்கிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் மெல்லத் தள்ளிக்கொண்டே இருப்பவரின் விசை எப்படி ஒவ்வொரு வீச்சிலும் சேர்கிறதோ, அப்படியே இங்கும். இயந்திரத்தின் அதிர்வெண் மேடையின் இயல்பு அதிர்வெண்ணில் பாதியாக இருக்கும்போது, அதே விசை அசையாமல் நின்று தள்ளினால் வரும் நகர்வைப் போல 1.33 மடங்கு வீச்சு வரும். 0.8 பங்கை எட்டும்போது, தணிப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால், 2.8 மடங்கு. இரண்டும் ஒன்றாகும்போது தணிப்பு மட்டுமே வீச்சைக் கட்டுப்படுத்துகிறது. தணிப்பு 10 சதவீதமானால் 5 மடங்கு. இயந்திரத்தின் வேகம் இயல்பு அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்கானால் வீச்சு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

ஆகவே வடிவமைப்பாளருக்கு இரண்டு வழிகள் உள்ளன. இயல்பு அதிர்வெண்ணை இயந்திர வேகத்துக்கு வெகு மேலே ஏற்றிவிடலாம். அல்லது வெகு கீழே இறக்கிவிடலாம். மெதுவாக ஓடும் இயந்திரங்களுக்கு முதல் வழியும் வேகமாக ஓடுபவற்றுக்கு இரண்டாம் வழியும் பொருந்தும். இரண்டாவது வழியில் ஒரு சங்கடம் உண்டு. இயந்திரம் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஒத்ததிர்வு வேகத்தைக் கடந்தாக வேண்டும். அந்தச் சில நொடிகளைத் தாங்கும்படி போல்ட்டுகளும் குழாய் இணைப்புகளும் அமைய வேண்டும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2974 இயந்திர மேடைகளுக்கான ஐந்து பகுதித் தொகுப்பு. இயல்பு அதிர்வெண் இயக்க அதிர்வெண்ணிலிருந்து இரு பக்கமும் குறைந்தது 20 சதவீதம் விலகி நிற்க வேண்டும் என்பது இத்துறையின் பொதுவிதி. பிஸ்டன் இயந்திர மேடைகளின் வீச்சு 0.2 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது இன்னொரு விதி. இவை இரண்டும் தனித்தனிச் சோதனைகள். ஒன்றில் தேறிய மேடை மற்றதில் தவறலாம்.

ஒரு கணக்கு

நான்கு டன் எடையுள்ள, எதிரெதிர்க் கிராங்குகள் கொண்ட இரண்டு சிலிண்டர் நேர்நிலைக் கம்ப்ரசர் ஒன்று நிமிடத்துக்கு 600 சுற்று ஓடுகிறது என்போம். முதல்நிலைத் தாளம் நொடிக்கு 10, அதாவது 10 ஹெர்ட்ஸ். இரண்டாம்நிலைத் தாளம் 20 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சிலிண்டரிலும் முன்பின் ஓடும் நிறை 30 கிலோ, கிராங்க் ஆரம் 10 சென்டிமீட்டர், ராட் அதைப் போல ஐந்து மடங்கு நீளம். முதல்நிலை விசை ஒரு சிலிண்டருக்குச் சுமார் 12 கிலோநியூட்டன் வரும், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. இரண்டாம்நிலை விசைகள் கூடி 4.8 கிலோநியூட்டன் ஆகின்றன. மண் நடுத்தர இறுக்கம் கொண்டது. ஒரு சதுர மீட்டர் பரப்பை 1 மில்லிமீட்டர் கீழே அழுத்தச் சுமார் 5 டன் விசை வேண்டும்.

பிஸ்டன் இயந்திரத்துக்கு மேடையின் எடை இயந்திர எடையைப் போல ஐந்து மடங்கு, சுழலும் இயந்திரத்துக்கு மூன்று மடங்கு என்பது பட்டறைகளில் புழங்கும் முதல் மதிப்பீடு. அதன்படி 3.2 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம் என்று எடுத்தால் 8.4 கன மீட்டர் கான்கிரீட், 20 டன். இயந்திரத்தோடு சேர்த்து 24 டன். அடிப்பரப்பு 7 சதுர மீட்டர் என்பதால் மண்ணின் விறைப்பு ஒரு மில்லிமீட்டருக்கு 35 டன். இயல்பு அதிர்வெண் 19.2 ஹெர்ட்ஸ் என்று கணக்கு வருகிறது. இயந்திரத்தின் 10 ஹெர்ட்ஸிலிருந்து இது வெகு தொலைவு. ஆனால் இரண்டாம்நிலைத் தாளமான 20 ஹெர்ட்ஸுக்கு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தணிப்பை 10 சதவீதம் என்று கொண்டால் வீச்சு சுமார் 0.06 மில்லிமீட்டர்.

இதைச் சரிசெய்ய மேடையைப் பெரிதாக்கலாம் என்று தோன்றும். உயரத்தை அப்படியே விட்டு நீளத்தை 4 மீட்டரும் அகலத்தை 3 மீட்டரும் ஆக்கினால் கான்கிரீட் 14.4 கன மீட்டராக, 70 சதவீதம் அதிகமாகிறது. ஆனால் இயல்பு அதிர்வெண் 19.8 ஹெர்ட்ஸ், முன்பைவிட 20-க்கு இன்னும் அருகில். காரணம் எளிது. அகலப்படுத்தும்போது நிறையும் கூடுகிறது, மண்ணைத் தொடும் பரப்பும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடுகிறது. மேலே கூடிய நிறையின் விளைவைக் கீழே கூடிய விறைப்பு சரிக்கட்டிவிடுகிறது. வீச்சு 0.04 மில்லிமீட்டராகக் குறையும். ஆனால் 20 சதவீத விலகல் விதி மீறப்பட்டபடியே நிற்கும். அந்த வீச்சு 20 ஹெர்ட்ஸில் நொடிக்கு 5 மில்லிமீட்டர் வேகமாகும். இது பக்கத்தில் நிற்பவரை உறுத்தும் அளவு.

பழைய அடிப்பரப்பையே வைத்துக்கொண்டு உயரத்தை மட்டும் 2 மீட்டராக்கிப் பார்க்கலாம். கான்கிரீட் 14.1 கன மீட்டர், ஏறத்தாழ அதே செலவு. இப்போது விறைப்பு மாறாமல் நிறை மட்டும் கூடுவதால் இயல்பு அதிர்வெண் 15.4 ஹெர்ட்ஸாக இறங்குகிறது. 10-க்கும் 20-க்கும் இடையே, இரண்டிலிருந்தும் 20 சதவீதத்துக்கு மேல் விலகி நிற்கிறது. வீச்சும் 0.02 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்குகிறது. மூன்றாவது வழி, முதல் மேடையின் அளவை மாற்றாமல் பைல்களால் அடிவிறைப்பை இரட்டிப்பாக்குவது. அப்போது இயல்பு அதிர்வெண் 27 ஹெர்ட்ஸாக, 20-க்கு மேலே ஏறிவிடும். கான்கிரீட்டைக் கூட்டுவது எப்போதும் பாதுகாப்பைக் கூட்டுவதாகாது என்பதையே இந்த மூன்று கணக்குகளும் காட்டுகின்றன. எங்கே கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அது உதவலாம், பயனற்றுப் போகலாம், 20 ஹெர்ட்ஸுக்கு மேலே நின்ற ஒரு மேடையைக் கீழே இழுத்து ஒத்ததிர்வில் மாட்டியும் விடலாம்.

ஆறு வகை ஆட்டம்

மேலே சொன்னது செங்குத்து ஆட்டத்தின் கணக்கு மட்டும். கட்டியான ஒரு மேடை ஆறு விதமாக ஆடலாம்: மேல்கீழாக, நீளவாட்டில், குறுக்குவாட்டில், செங்குத்து அச்சைச் சுற்றித் திருகலாக, முன்பின் சாய்வாக, பக்கவாட்டுச் சாய்வாக. ஒவ்வொன்றுக்கும் தனி இயல்பு அதிர்வெண் உண்டு. இவற்றில் சாய்வு ஆட்டங்களே தொல்லை தருபவை. நிறைமையம் உயரே போகப் போகச் சாய்வின் அதிர்வெண் இறங்கும். எனவே உயரத்தைக் கூட்டிப் போட்ட மேடையைச் சாய்வுக்கும் சோதித்தாக வேண்டும். எதிரெதிர்க் கிராங்குகளில் மிஞ்சும் 10 ஹெர்ட்ஸ் திருப்பு விசை அதைத்தான் தூண்டும். மேடையில் பெரும்பகுதியை மண்ணுக்குள் புதைத்தால் நான்கு பக்க மண்ணும் பிடித்துக்கொள்ளச் சாய்வு குறையும்.

இயந்திரமும் மேடையும் சேர்ந்த நிறைமையம், அடிப்பரப்பின் மையத்துக்கு நேர் மேலே அமைவதும் அவசியம். விலகல் அந்தத் திசையில் உள்ள அடிப்பக்க நீளத்தின் 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது வழக்கம். அதற்கு மேல் போனால் செங்குத்து விசையே சாய்வையும் எழுப்பிவிடும். மண்ணும் ஒரு பக்கம் அதிகமாக அமுங்கும்.

சம்மட்டியும் டர்பைனும்

பட்டறைச் சம்மட்டியில் தாளம் முக்கியமல்ல, ஒவ்வொரு அடியும் தனித்தனி அதிர்ச்சி. விழும் சம்மட்டித் தலையின் எடையைப் போல அடிகல்லின் எடை சுமார் 20 மடங்கு, அதன் கீழுள்ள கான்கிரீட் கட்டையின் எடை அடிகல்லைப் போல 3 முதல் 5 மடங்கு என்று கொள்வார்கள். அதாவது 1 டன் சம்மட்டிக்கு 60 முதல் 100 டன் கான்கிரீட். அடிகல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே மரம், ரப்பர் போன்ற மெத்தை அடுக்கு இருக்கும். அது அடியின் உச்ச விசையை நேரத்தில் நீட்டிப் பரப்பிக் கான்கிரீட் நொறுங்காமல் காக்கிறது.

மின்நிலைய டர்பைன் மறுமுனை. இந்திய மின்கட்டமைப்பு 50 ஹெர்ட்ஸில் இயங்குவதால் இருமுனை ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓட வேண்டும். கூடங்குளத்தின் 1000 மெகாவாட் டர்பைன்களும் அந்த வேகத்தில்தான் ஓடுகின்றன. கண்டென்சரும் குழாய்களும் டர்பைனுக்குக் கீழே இடம் கேட்பதால் இங்கே கட்டி மேடை உதவாது. தூண்களின் மேல் தடித்த தளம் கொண்ட மேசை வடிவ மேடை எழுப்புகிறார்கள். அதில் தூண்களே சுருள்வில்லாகின்றன. தூண்களின் தலையில் எஃகுச் சுருள்வில்களை வைத்து மேல்தளத்தைத் தனியே மிதக்கவிடும் முறையும் உண்டு.

அக்கம்பக்கத்துக்குப் போகும் அதிர்வு

மேடையின் அதிர்வாற்றலில் ஒரு பகுதி மண்ணுக்குள் அலையாகப் பரவிச் சென்றுவிடுகிறது. மேடையைப் பொறுத்தவரை இது நன்மை. வீச்சைத் தணிக்கும் பெரும் பங்கு இதனுடையது. எரிக் ரைஸ்னர் 1936-இல் இதைக் கணக்கில் காட்டினார். சோவியத் ஒன்றியத்தில் பர்கான் செய்த கள ஆய்வுகளும், அமெரிக்காவில் ஜான் லிஸ்மர் 1966-இல் தந்த எளிய மாதிரியும், ரிச்சர்ட், ஹால், வூட்ஸ் மூவரின் 1970 பாடநூலும் அதை வடிவமைப்பாளரின் கருவியாக்கின. சென்னையிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த சீனிவாசுலுவும் வைத்தியநாதனும் 1976-இல் எழுதிய இயந்திர அடித்தளக் கையேடு இந்தியப் பொறியாளர்களிடையே பரவலாகப் புழங்குவது.

அக்கம்பக்கத்துக்கு அதே அலைதான் தொல்லை. செங்குத்தாக ஆடும் வட்ட மேடையிலிருந்து வெளியேறும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, நிலப்பரப்பை ஒட்டி ஓடும் ரேலே அலையாகச் செல்கிறது. அந்த அலையின் வேகம் நொடிக்கு 150 மீட்டர் என்றால் 10 ஹெர்ட்ஸில் அலைநீளம் 15 மீட்டர். பள்ளம் வெட்டி அதைத் தடுக்க, ஆழம் அலைநீளத்தில் 0.6 பங்காவது, அதாவது 9 மீட்டர் வேண்டும். மெதுவான இயந்திரத்துக்கு இது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆகவே அதிர்வைப் பிறந்த இடத்திலேயே நிறுத்துவதே மேல். மேடைக்கும் கட்டடத் தளத்துக்கும் தூண்களுக்கும் இடையே இடைவெளி விட்டு, அதை நெகிழ்வான பொருளால் அடைப்பார்கள். இயந்திரத்தோடு இணையும் குழாய்களில் வளையும் இணைப்புகள் போடுவார்கள்.

டீசல் ஜெனரேட்டரைச் சுருள்வில்களின் மேல் வைப்பதும் இதே நோக்கம்தான். எடையில் 25 மில்லிமீட்டர் அமுங்கும் சுருள்வில்லின் இயல்பு அதிர்வெண் சுமார் 3 ஹெர்ட்ஸ். 1500 சுற்று ஜெனரேட்டரின் 25 ஹெர்ட்ஸ் விசையில் 2 சதவீதத்துக்கும் குறைவே கீழே இறங்கும். இப்படி வைத்தால் மேடை எடையைத் தாங்கினால் போதும். ஐந்து மடங்கு கனம் தேவையில்லை.

வார்ப்பும் பொருத்தமும்

கணக்கு சரியாக இருந்தும் வேலையில் கெட்டுப்போகும் மேடைகள் உண்டு. மேடையை இடைவெளியின்றி ஒரே மூச்சில் வார்க்க வேண்டும். நேற்றைய கான்கிரீட்டின் மேல் இன்றையது சேரும் இடம் பலவீனமான மடிப்பாகி, அதிர்வில் பிரிந்துவிடும். அப்படிப் பிரிந்தால் ஒரே கட்டி என்று வைத்துப் போட்ட கணக்கும் பொய்யாகும். தடித்த வார்ப்பில் சிமெண்ட் இறுகும்போது எழும் வெப்பம் உள்ளே தேங்கும். உட்புறத்துக்கும் மேற்பரப்புக்கும் வெப்ப வேறுபாடு 20 டிகிரியை மிஞ்சினால் மேற்பரப்பு வெடிக்கலாம். அதனால் சிமெண்டில் ஒரு பகுதிக்குச் சாம்பலோ உலைக்கசடோ கலப்பது, மேற்பரப்பை மூடிவைப்பது போன்ற ஏற்பாடுகள் செய்கிறார்கள். கம்பியின் வேலை இங்கே எடை தாங்குவதைவிட வெடிப்பைப் பிடித்துவைப்பதே. கன மீட்டருக்குக் குறைந்தது 25 கிலோ என்ற கணக்கில் ஆறு பக்கங்களிலும் வலையாகக் கட்டுவார்கள்.

இயந்திரத்தைப் பிடிக்கும் போல்ட்டுகளின் இடம் ஓரிரு மில்லிமீட்டர் தவறினாலும் அடிச்சட்டம் உட்காராது. அதற்காக வார்ப்பின்போதே எஃகு அச்சுத்தகட்டில் போல்ட்டுகளை நிறுத்துவார்கள். அல்லது குழிகள் விட்டுப் பின்னர் போல்ட்டை இறக்கி நிரப்புவார்கள். போல்ட்டின் மேல்பகுதி கான்கிரீட்டோடு ஒட்டாதபடி உறையிட்டிருப்பது நல்லது. அப்போதுதான் இறுக்கும்போது போல்ட் நீண்டு, அந்த இழுவிசையை நிலையாகப் பிடித்துக்கொள்ளும். முழுவதும் ஒட்டிய குட்டைப் போல்ட் சீக்கிரம் தளரும்.

மேடையின் மேற்பரப்பில் படியும் மெல்லிய சிமெண்ட் பாலைக் கொத்தி எடுத்துவிட்டு, இயந்திரத்தை ஷிம்களின் மேல் மட்டம் பார்த்து நிறுத்துவார்கள். அடிச்சட்டத்துக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே எஞ்சும் 25 முதல் 50 மில்லிமீட்டர் இடைவெளியைக் கிரௌட் நிரப்புகிறது. சாதாரணச் சிமெண்ட் சாந்து உலரும்போது சுருங்கி இடைவெளி விடும் என்பதால் சுருங்காத சிமெண்ட் கிரௌட்டையோ எபாக்சி கிரௌட்டையோ பயன்படுத்துகிறார்கள். எண்ணெய் சிந்தும் இடங்களுக்கும் கடும் அதிர்வுக்கும் எபாக்சி ஏற்றது. காற்று சிக்காதபடி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஊற்றி, மறுபக்கம் வழியும்வரை தொடர வேண்டும். அடியில் காற்றுப்பை சிக்கினால் அந்த இடத்தில் சட்டம் பறை போல அதிரும்.

இயந்திரம் ஓடத் தொடங்கியதும் மேடையின் நான்கு மூலைகளிலும் இயந்திரத்தின் பேரிங் கூடுகளிலும் அதிர்வை அளந்து பதிவு செய்வது கடைசிக் கட்டம். மூலைகளின் வீச்சு ஒன்றுக்கொன்று வேறுபட்டால் சாய்வு ஆட்டம் இருக்கிறது. சட்டம் அதிகமாகவும் மேடை குறைவாகவும் அதிர்ந்தால் கோளாறு போல்ட்டிலோ கிரௌட்டிலோ இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே அதிகமாக அதிர்ந்தால், வேகத்தைச் சற்று மாற்றிப் பார்ப்பார்கள். விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதைவிட வீச்சு திடீரென்று ஏறினாலோ இறங்கினாலோ அது ஒத்ததிர்வு. மேடையின் நிறையையோ அடிவிறைப்பையோ மாற்றியாக வேண்டும். அப்படி எந்தத் தாவலும் இல்லாவிட்டால் குறை இயந்திரத்தின் சமநிலையில். அதற்கு மேடையைத் தொட வேண்டியதில்லை. சுழலியைக் கழற்றிச் சமன்செய்தால் போதும்.